இறங்கி வரும் கங்கை: அரியூர் நாடு முதல் பூம்புகார் வரை

நம் பாட்டனார் காலத்தில் தீர்த்த யாத்திரை என்றால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, பாத்திர பண்டங்களை ஒரு மூலையில் கட்டி, வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பொழுது சாயும் இடத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பார்கள். வழிப்போக்கர் தங்குவதற்கென்று மன்னர்களும் தனவந்தர்களும் சத்திரங்கள் கட்டினார்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. இராமேசுவரம் செல்லும் யாத்ரீகர்கள் அங்கே உண்டு இளைப்பாறிச் சென்றனர்.

வீடே உடன் வரும் அந்தப் பயணத்துக்கு இப்போது 'காரவன்' என்று பெயர். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அண்டை மாநிலமான கேரளம் 2021இல் தனியாக ஒரு திட்டம் வகுத்தது. அவற்றில் வரும் பெரிய சொகுசு வண்டி எங்களுடையதன்று. இருக்கைகளை எடுத்துவிட்டு, ஒரு கட்டில், ஒரு சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் திரையிட்ட கழிவறை ஆகியவற்றை அமைத்த சிறிய வேன். இந்த மாற்றங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்துகொண்டோம். எனக்கு அகவை 71; என் இல்லாளுக்கு 67. இரவில் இரண்டு முறை எழ வேண்டிய வயது. பத்தியச் சாப்பாடு. வேளை தவறாத மாத்திரைகள். "எங்கே இறங்குவது, எங்கே தங்குவது?" என்ற அச்சத்தாலேயே எத்தனையோ முதியவர்கள் கண்டு தொழ நினைத்த தலங்களைக் காணாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த அச்சத்தை இச்சிறு வண்டி எங்களிடமிருந்து நீக்கிற்று.

பொங்கல் கழிந்த சில நாட்களில் புறப்பட்டோம். கொல்லிமலையில் தொடங்கி, தை அமாவாசைக்குப் பூம்புகார் சங்கமத்தில் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்பது எங்கள் சங்கற்பம்.

பதினான்கு நாடுகளுள் ஒன்று

நாமக்கல்லில் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரையும், அவரை நோக்கிக் கைகூப்பியபடி மேற்கூரை இன்றி வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரையும் வணங்கிவிட்டு, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தோம். அங்கிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் நானே வண்டி ஓட்டினாலும், மலைப்பாதைக்கென்று அவ்வூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, மேலிருந்து இறங்கும் வண்டிக்கு வழிவிட்டு, நிதானமாக ஏற்றினார். ஒவ்வொரு வளைவிலும் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். என் மனைவி வளைவுக்கு ஒரு முறை 'சிவாய நம' என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கொல்லிமலை பழந்தமிழரின் பாட்டில் வாழும் மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய அவனது வில்லாண்மையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப் பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் விழாவும் உண்டு. சங்கப் புலவர்கள் வியந்து பேசிய கொல்லிப்பாவையை இன்று மக்கள் எட்டுக்கை அம்மனாக வழிபடுகிறார்கள்.

இம்மலையிலுள்ள ஊராட்சிகள் பதினான்கும் 'நாடு' என்றே வழங்கப்படுகின்றன. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வளப்பூர் நாடு என நீளும் அவ்வரிசையில் ஒன்று அரியூர் நாடு. இங்கு வாழும் மலையாளி இன மக்கள், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்தான் இப்பெயர். கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கின்றன. பலாவும் வாழையும் அன்னாசியும் கொல்லிமலைக்கே பெயர் தேடித் தந்தவை. அரியூர்ச் சோலை என்னும் காப்புக்காடும் இப்பகுதியில்தான் இருக்கிறது.

என் மனைவியின் பிறந்த வீட்டார்க்குக் குலதெய்வம் கொல்லிமலை மாசி பெரியண்ணசாமி. சமவெளியில் எத்தனையோ குடும்பங்கள் அவரைக் குலதெய்வமாகக் கொண்டு ஆண்டுதோறும் மலையேறுகின்றன. பெரியண்ணசாமியை வணங்கிவிட்டு, அன்றிரவு அரியூர் நாட்டில் ஒரு விவசாயியின் வீட்டுக் களத்தில், அவர்கள் அனுமதியோடு வண்டியை நிறுத்தினோம். அந்த வீட்டு மூதாட்டி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்குள்ளேயேவா குடித்தனம்?" என்றார்.

"ஆமாம் அக்கா, பன்னிரண்டு நாளைக்கு" என்றாள் என் மனைவி.

அவர் உள்ளே சென்று, சாமைச் சோறும் கீரைக் கடையலும் கொண்டுவந்து வைத்தார். மறுத்தும் கேட்கவில்லை. நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம் என்று அறிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நான் கடலைப் பார்த்ததில்லை. எங்க மலைத் தண்ணி அங்கேதான் போய்ச் சேருதுன்னு பேரப்பசங்க சொல்றாங்க. நீங்க பார்த்தா நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றார், ஒரு உறவினரை விசாரிப்பது போல.

மலையில் தை மாதத்துக் குளிர் கடுமையானது. இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு படுத்தோம். விடியற்காலையில் கதவைத் திறந்தபோது மூதாட்டி முற்றத்தில் நின்று சோலை இருந்த திசை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இம்மலை மக்கள் பல சோலைகளைத் தெய்வத்துக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் காலணியோடு நுழைவதில்லை, விறகுக்கும் கைவைப்பதில்லை. கோபுரம் இல்லாத அக்கோயில்களின் நிழலில்தான் மலையின் ஓடைகள் வற்றாமல் ஊறுகின்றன.

அறப்பளீசுவரர் சந்நிதியில்

மறுநாள் வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் எழுந்தருளியுள்ள அறப்பளீசுவரர் ஆலயத்தை அடைந்தோம். அப்பரும் சம்பந்தரும் தம் பதிகங்களில் பெயர் சொல்லிப் போற்றிய வைப்புத்தலம் இது. தனிப் பதிகம் பெறாவிட்டாலும், பிற பதிகங்களுக்குள் வைத்துப் பாடப்பெற்ற தலங்களை வைப்புத்தலம் என்பர். அம்பிகையின் திருநாமம் தாயம்மை. உழவர் ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பை தட்டிக் குருதி பெருக, இறைவன் வெளிப்பட்டார் என்பது தல வரலாறு. கலப்பை பட்ட தழும்பு சிவலிங்கத் திருமேனியில் இன்றும் உள்ளது. அருகே ஓடும் ஐயாற்று மீன்களை இறைவனின் வடிவமாகவே கருதி உணவிடுகிறார்கள். ஒருமுறை அறுத்த மீனையும் பொருத்தி உயிர்ப்பித்து ஓடவிட்டார் என்று அவர் கருணையைச் சொல்கிறார்கள். அம்பலவாணக் கவிராயர் இப்பெருமானை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் பாடினார். இல்லறத்தார் அறிய வேண்டிய நெறிகளை நூறு பாடல்களில் சொல்லும் நூல் அது. அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் அதை மனப்பாடம் செய்வித்தார்கள்.

ஆலயத்துக்கு அருகிலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஐந்து ஓடைகள் கூடுவதால் ஐயாறு என்று பெயர் பெற்ற ஆறு, இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவதாவது ஒருவாறு முடியும்; திரும்ப ஏறுவதற்கு நல்ல முழங்காலும் நல்ல இதயமும் வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் நண்பர்களோடு வந்து அந்த அருவியில் நீராடியிருக்கிறேன். அப்போது என் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். பிறகு பிள்ளைகளின் படிப்பு, என் தாயாரின் நோய், பெண்ணின் பிரசவம் என்று ஆண்டுகள் சென்றன. "ஒரு நாள் போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அந்த நாள் வந்தபோது அவளுடைய இரு முழங்கால்களும் தேய்ந்திருந்தன. படி இறங்கவே கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

முதற்படியில் நின்றபடி அவள் கீழே நோக்கினாள். மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். அவளை விட்டு நான் மட்டும் செல்ல மனம் ஒப்பவில்லை. இருவரும் அப்படியில் அமர்ந்தோம். அவள் அழவில்லை. ஆனால் நெடுநேரம் பேசவும் இல்லை.

எங்களோடு வந்த ஓட்டுநர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "அம்மா, நீங்க ஏன் இறங்கணும்? கங்கைதான் கீழே இறங்கி வருதே. இதே தண்ணி புளியஞ்சோலைக்கு வருது. அங்கே போய்க் காலை நனையுங்க" என்றார்.

எளிய சொல். ஆனால் எங்கள் பயணத்தின் பொருளை அந்த ஒரு சொல் மாற்றிவிட்டது.

புளியஞ்சோலையில்

மலையிறங்கி, துறையூர்ப் பக்கமாகச் சுற்றிச் சென்றால், கொல்லிமலையின் கீழ்ச்சரிவின் அடியில் புளியஞ்சோலை. மலை மேல் நாமக்கல் மாவட்டம்; இங்கே திருச்சி மாவட்டம். மேலே ஆகாய கங்கையாக விழுந்த ஐயாறு காட்டின் ஊடே பாறைகளைத் தழுவி இங்கு வந்து சேர்கிறது. விடுமுறை நாளன்று கூட்டம் நிறைந்திருக்கும் என்பார்கள். நாங்கள் சென்றது வாரத்தின் நடுநாள். குரங்குகளும் நாங்களும்தான்.

மெல்ல நடத்திச் சென்று அவளை ஒரு தட்டையான பாறையில் அமர்த்தினேன். அவள் இரு கால்களையும் நீரில் இட்டாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஓடிற்று. குளிர்ந்த, தெளிந்த நீர். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இரு கைகளாலும் நீரை முகந்து தலையில் தெளித்துக்கொண்டாள். நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். எங்கோ மேலே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், அறப்பளீசுவரர் இருக்கிறார்.

"அவரைத் தொட்ட தண்ணீர்தானே?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

புறப்படும் முன் ஒரு செம்பில் அந்நீரை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, வண்டியில் பூஜைப் படங்களின் அருகில் வைத்துக்கொண்டாள். ஐயாறு காவிரியில் கலக்கிறது. காவிரி கடலுக்குச் செல்கிறது. இனி எங்கள் வண்டியும் அவ்வழியே.

நடக்க முடியாதவருக்கு வந்த கயிலை

திருவரங்கத்தில் ஓரிரவு, கல்லணையில் ஒரு பகல் என்று காவிரியின் கரையோடு சென்று திருவையாற்றை அடைந்தோம். இறைவன் ஐயாறப்பர், இறைவி அறம்வளர்த்த நாயகி. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என ஐந்து ஆறுகள் பாயும் பகுதி ஆதலால் இப்பெயர் என்பர். மலையில் ஓர் ஐயாற்றைக் கண்டு, சமவெளியில் மற்றோர் ஐயாற்றுக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

திருநாவுக்கரசர் பெருமானின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். முதுமையில் அவர் கயிலைக்குப் புறப்பட்டார். கால்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். முனிவர் வடிவில் எதிர்ப்பட்ட இறைவன், மானிட உடலோடு கயிலை சேர்வது அரிது, திரும்பிச் செல்க என்றார். அப்பர் இசையவில்லை. அப்போது, அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி திருவாக்கு எழுந்தது. மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே கயிலைக் காட்சி கண்டார். யானையும் கோழியும் அன்றிலும் மயிலும் தம் துணையோடு இணை இணையாய் வரக் கண்டு, அனைத்திலும் சிவமும் சக்தியுமாக இறைவனைக் கண்டு பாடினார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று இங்கு இவ்விழா நடைபெறுகிறது.

பலமுறை கேட்ட வரலாறுதான். ஆயினும் தேய்ந்த முழங்காலோடு அச்சந்நிதியில் நின்று நினைக்கும்போது அதன் பொருள் வேறாக விளங்குகிறது. முடியாது என்று இறைவன் அவரைக் கைவிடவில்லை. முயன்ற வரை முயலவிட்டு, முயற்சி ஓய்ந்த இடத்துக்குத் தாமே கயிலையைக் கொண்டுவந்தார். அப்பர் கண்ட காட்சியில் எதுவும் தனியாக வரவில்லை. எல்லாம் துணையோடு வந்தன. என் மனைவி சந்நிதியை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பற்றிக்கொண்டு படி இறங்கினாள். அந்தப் படிகள் மூன்றே மூன்று.

கடலோரத்து ஊர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை கடந்து, தை அமாவாசைக்கு முந்தைய மாலை திருவெண்காட்டை அடைந்தோம். சுவேதாரண்யேசுவரரையும் அகோரமூர்த்தியையும் தரிசித்தோம். அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்கள் மூன்றும் உள்ள தலம். இரவு அங்கேயே வண்டியில் உறங்கி, கோழி கூவும் முன் பூம்புகார் புறப்பட்டோம்.

கோவலனும் கண்ணகியும் இந்தப் புகாரிலிருந்துதான் காவிரியின் வடகரையோடு மேற்கே நடந்தார்கள். வழியில் கவுந்தியடிகள் துணை சேர்ந்தார். அவ்விருவரும் நடந்த திசைக்கு எதிர்த்திசையில், மேற்கிலிருந்து கிழக்கே, நாங்கள் இருவரும் வந்திருந்தோம். மனைவியையே அடியவர்க்கு ஈந்த இயற்பகை நாயனார் வாழ்ந்த ஊர் இது. கப்பல் வணிகத்தின் பெருஞ்செல்வத்தைத் துறந்த பட்டினத்தார் பிறந்த ஊரும் இதுவே. பல்லவனீச்சரமும் சாயாவனமும் அருகிலேயே உள்ளன. 1973இல் அமைந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் காணத்தக்கது.

சங்கமத்தில் நல்ல கூட்டம். கரை நெடுகிலும் சாஸ்திரிகள் தர்ப்பைகளோடு அமர்ந்திருந்தார்கள். பூம்புகாரில் அலை வேகமாகப் புரளும் என்பதால் முதியவர்கள் ஆழத்துக்குச் செல்லலாகாது. நாங்கள் கரையோரத்திலேயே நீராடினோம். தர்ப்பணம் செய்கையில், காருணிக வரிசையில் என் மனைவியின் தாயார் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தேன். பெரியண்ணசாமியைக் காண ஆண்டுதோறும் மலையேறியவர் அவர்.

பிறகு அவள் செம்பின் துணியை அவிழ்த்தாள். ஆறு கடலைத் தொடும் இடத்தில் குனிய முடியாமல், நின்றவாறே புளியஞ்சோலை நீரைச் சிறிது சிறிதாக வார்த்தாள். "அரியூர் நாட்டு அக்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்" என்று கடலைப் பார்த்துச் சொன்னாள். அருகில் நின்ற ஒரு சிறுமி அதைக் கேட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அங்கிருந்து தெற்கே தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. அதற்கு அருகே அலைகளின் ஓரத்தில் மாசிலாமணிநாதர் ஆலயம். 1306ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த பழங்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பின்னர்ப் புதுப்பித்துக் கட்டியிருக்கிறார்கள். கொல்லிமலையில் மாசிலா அருவி என்று ஓர் அருவி உண்டு. இங்கே இறைவன் திருநாமமே மாசிலாமணி. கோபுரத்தையும் மதிலையும் அலை எடுத்துச் சென்ற பின்னும் அப்பெருமான் அதே கரையில்தான் இருக்கிறார். காலும் கண்ணும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சியைக் காட்டிலும் ஆறுதல் வேறில்லை.

முதிய அன்பர்கள் கவனிக்க

கொல்லிமலைக்கு நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. தங்குவதற்குச் செம்மேடு வசதி. சொந்த வண்டியில் செல்வோர் மலைப்பாதையில் பழகிய ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது நலம். மாலை மங்குவதற்குள் ஏறிவிட வேண்டும். தலைசுற்றல் உடையவர்கள் வெறும் வயிற்றிலும் நிறைந்த வயிற்றிலும் மலையேற வேண்டாம். பத்து நாட்களுக்கான மாத்திரைகளும், மழைக்காலமாயினும் கோடையாயினும் ஒரு கம்பளியும் கையில் இருக்கட்டும். வண்டியில் சமைப்போர், வண்டி நின்ற பின், கதவைத் திறந்துவைத்தே அடுப்பை மூட்ட வேண்டும். பிறகு எரிவாயுவை அடைத்துவிட்டே புறப்பட வேண்டும். கோயில் அருகில் இரவு தங்குமுன் ஆலயத்தாரிடமோ ஊராரிடமோ அனுமதி கேட்பது முறை. எங்கள் பயணத்தில் கேட்ட இடத்தில் எல்லாம் இடம் கிடைத்தது. பல இடங்களில் மோரும் கிடைத்தது. சோலைகளிலும் ஓடைகளிலும் பிளாஸ்டிக் குப்பையைப் போடாமல் திரும்ப எடுத்துவருவது அத்தெய்வங்களுக்கு நாம் செய்யும் வழிபாடு.

இத்தகைய வண்டி இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. அறப்பளீசுவரரைத் தரிசித்துப் படிகளின் தலைப்பில் நின்று கைகூப்பிவிட்டு, புளியஞ்சோலைக்குச் சென்று அந்நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். அதுவும் இயலாதவர்கள், காவிரி ஓடும் எந்தப் படித்துறையிலும் கொல்லிமலையை நினைத்து ஒரு கை நீர் அள்ளலாம். நாம் ஏறிச் செல்ல முடியாத உயரத்திலும், இறங்கிச் செல்ல முடியாத ஆழத்திலும் இருக்கும் அருள், நாம் இருக்கும் இடம் தேடி ஓடி வந்துகொண்டே இருக்கிறது.

தாயம்மை உடனுறை அறப்பளீசுவரர் திருவருள் அனைவர் இல்லங்களிலும் பெருகுவதாக.